திறந்த களஞ்சியமும் நெறி தவறுவோரும்

பல துறைப் பொருள்களையும் அகரவரிசைப்படுத்தி விளக்கும் நூலைக் கலைக்களஞ்சியம் என்கிறோம். தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்தைத் தமிழாசிரியர்கள் நன்கறிவர். துறை வல்லுநர் எழுதினர். ஆசிரியர் குழு அவற்றைச் செப்பம் செய்து அச்சேற்றியது. அத்தகைய நூலில் கண்டவர் வந்து கண்டதை எழுதிச் செல்ல வழியில்லை.

2001-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் இணையத்தில் தொடங்கப்பெற்ற விக்கிப்பீடியாவோ இதற்கு நேர்மாறானது. அதில் எவரும் எழுதலாம். எவர் எழுதியதையும் எவரும் திருத்தலாம். இவ்வளவு பெரிய கதவைத் திறந்து வைத்ததற்குக் காரணம் உண்டு. அதனைத் தோற்றுவித்தவர்கள் 2000-ஆம் ஆண்டில் நியூபீடியா என்னும் வேறொரு களஞ்சியத்தை நடத்திப் பார்த்தனர். அங்கே ஒவ்வொரு கட்டுரையும் அறிஞர்களின் ஏழு படிச் சோதனையைக் கடக்க வேண்டும். விளைவு யாது? முதல் ஆண்டில் முற்றுப்பெற்றவை ஏறத்தாழ இருபது கட்டுரைகளே. கதவைத் திறந்த பின்னர் வளர்ச்சி பெருகியது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் மட்டும் இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன.

ஆயினும் திறந்த வீட்டில் நல்லவர் மட்டுமே நுழைவர் என்பது இல்லை. நெறி தவறி எழுதுவோரை அக்களஞ்சியம் எங்ஙனம் கையாள்கிறது என்பதை ஈண்டுக் காண்போம்.

நெறி தவறுவோர் யாவர்?

இவர்களை மூவகையாகப் பிரிக்கலாம். முதல் வகையினர் அறியாமையால் தவறுவோர். சான்று காட்டாமல் எழுதுவர். பிறர் நூலிலுள்ளதை அப்படியே பெயர்த்து வைப்பர். தம் ஊரையும் உறவினரையும் அளவிறந்து புகழ்வர். விதி உண்டென்பதே இவர்களுக்குத் தெரியாது. இரண்டாம் வகையினர் குறும்பர். கட்டுரையை அழிப்பதும், வசைச்சொல் எழுதுவதும், பொய்யைப் புகுத்துவதும் இவர்கள் செயல். மூன்றாம் வகையினர் உள்நோக்கம் உடையோர். இவர்களே மிகவும் இடர் தருபவர். ஒருவரே பல பெயர்களில் நுழைந்து, பலர் ஒருமித்துப் பேசுவது போலக் காட்டுவர். இத்தகைய பொய்க் கணக்கைக் கைப்பாவை என்பர். 2015-இல் ஆங்கில விக்கிப்பீடியா, பணம் பெற்று விளம்பரக் கட்டுரை எழுதிய 381 கணக்குகளை ஒருசேரத் தடுத்தது இதற்கு எடுத்துக்காட்டு.

தடுக்கும் படிகள்

முதற்காவல் பக்க வரலாறு என்பது. ஒரு கட்டுரையில் எவர், எப்பொழுது, எச்சொல்லை மாற்றினார் என்பது முழுவதும் பதிவாகிறது. ஆதலின், ஒருவர் ஒரு மணி நேரம் உழைத்துக் கெடுத்ததை மற்றொருவர் ஒரு நொடியில் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். கெடுப்பதினும் திருத்துவது எளிதாக இருப்பதே இவ்வமைப்பின் வலிமை.

அடுத்தது அறிவுரை. தவறியவரிடம் அவருடைய பேச்சுப் பக்கத்தில் விதி விளக்கப்படும். அவர் நல்லெண்ணத்துடனேயே எழுதினார் என முதலில் கொள்ள வேண்டும் என்பதும், புதியவரைக் கடிந்து விரட்டலாகாது என்பதும் அங்குள்ள நெறிகள். மீண்டும் தவறினால் எச்சரிக்கை. அதன் பின்னரே நிர்வாகிகள் அவர் எழுதாதவாறு தடுப்பர். முதலில் சில மணி நேரம் அல்லது சில நாள். தொடர்ந்தால் காலவரையறையற்ற தடை. இருவர் ஓயாது ஒருவர் எழுதியதை ஒருவர் அழித்துப் போரிடுவதும் உண்டு. அதற்கென ஆங்கில விக்கிப்பீடியாவில் 2004 முதல் ஒரு விதி உள்ளது. ஒரே கட்டுரையில் 24 மணி நேரத்திற்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் செய்த மாற்றத்தைத் திருப்புவோர் தடுக்கப்படலாம். தம் பக்கமே நியாயம் என்பது அங்கே விடையாகாது.

இத்தடை தண்டனை அன்று, மேலும் கேடு நேராமல் காக்கும் வேலி என்பது அவ்விதிகளின் கருத்து. தவற்றை உணர்ந்தவர் தடையை நீக்குமாறு வேண்டலாம்.

இரு நிகழ்ச்சிகள்

2005-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்க இதழாசிரியர் ஜான் சீகன்தாலர் கென்னடி உடன்பிறந்தார் இருவரின் கொலையிலும் ஐயத்திற்கு உள்ளானவர் என ஒருவர் விளையாட்டாக எழுதி வைத்தார். உண்மையில் சீகன்தாலர் இராபர்ட் கென்னடியிடம் உதவியாளராகப் பணியாற்றியவர். அப்பழி நான்கு மாதங்களுக்கு மேல் அழியாமல் நின்றது. செய்தி வெளிப்பட்ட பின், கணக்குத் தொடங்காதோர் புதிய கட்டுரை தொடங்கலாகாது என அவ்வாண்டு திசம்பரில் ஆங்கில விக்கிப்பீடியா வரையறுத்தது. எழுதியவர் வருந்தி மன்னிப்புக் கேட்டுத் தம் வேலையையும் விட்டார். சீகன்தாலர் அவர்மீது வழக்குத் தொடரவில்லை. அவரை மீண்டும் வேலையில் சேர்த்துக்கொள்ளுமாறும் பரிந்துரைத்தார்.

மற்றொன்று 2020-இல் வெளிப்பட்டது. ஸ்காட்லாந்தில் வழங்கும் ஸ்காட்ஸ் மொழியின் விக்கிப்பீடியாவில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதியவர், அம்மொழியை அறியாத ஓர் அமெரிக்க இளைஞர் எனத் தெரியவந்தது. சிறுவனாக இருந்தபொழுதே எழுதத் தொடங்கியவர் அவர். ஆங்கிலச் சொற்களை ஆங்காங்கே திரித்து ஸ்காட்ஸ் எனக் கொண்டார். தீய எண்ணம் சிறிதும் இல்லை. மொழிக்கு நேர்ந்த கேடோ பெரிது. பலர் அவரை வசைபாடினர். எனினும் அம்மொழி அறிந்தோர் சிலர் ஒன்றுகூடிக் கட்டுரைகளைத் திருத்த முற்பட்டனர். இத்தனை ஆண்டுகள் அப்பக்கங்களைப் பார்வையிட மொழி அறிந்தவர் போதிய அளவில் வராமையே இக்கேட்டிற்கு முதற்காரணம் என்பது சிந்திக்கத்தக்கது.

காவலர் தவறினால்?

நெறி தவறுவோரைத் தடுக்கும் அதிகாரம் பெற்றவரே நெறி தவறுவதும் உண்டு. குரோவாசிய மொழி விக்கிப்பீடியாவில் சில நிர்வாகிகள் ஒன்றுசேர்ந்து, தம் அரசியல் சார்புக்கு ஏற்ப வரலாற்றைத் திரித்தனர். மறுத்தவர்களையே விதி மீறியவர் எனத் தடுத்தனர். 2013-இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சர், அதனை மாணவர் பயன்படுத்த வேண்டா என அறிவுறுத்தினார். விக்கிமீடியா நிறுவனத்தின் மதிப்பீட்டறிக்கை 2021-இல்தான் வெளிவந்தது. எழுதுவோர் குறைந்த களஞ்சியத்தில் ஒரு சிறு கூட்டம் ஆட்சியைக் கைப்பற்றுவது எளிது என்பதற்கு இது சான்று.

இவற்றால் பெறப்படுவது யாது? விதிகளும் தடைகளும் மட்டும் களஞ்சியத்தைக் காப்பதில்லை. மொழியும் பொருளும் அறிந்தோர் பலர் தொடர்ந்து பார்வையிடுதலே மெய்யான காவல். கையெழுத்துப் பிழை செய்யும் மாணவனையும் புத்தகத்தைக் கிழிக்கும் மாணவனையும் ஒன்றாக நடத்தாத ஆசிரியர்க்கு இப்பணி புதியதன்று. தமிழ் விக்கிப்பீடியாவில் பிழை காணும் ஆசிரியர், அது பிழை எனக் கூறி அமையாது, பக்க வரலாற்றைத் திறந்து பார்த்து, உரிய நூற்சான்றுடன் திருத்தலாம். பிழை செய்தவர் புதியவராயின், அவருடைய பேச்சுப் பக்கத்தில் இன்சொல்லால் இரண்டு வரி எழுதலாம். உயர்வகுப்பு மாணவர்க்கும், ஒரு கட்டுரையைப் படிக்குமுன் அதன் சான்றுகளையும் வரலாற்றையும் நோக்கும் பழக்கத்தை வகுப்பிலேயே கற்பிக்கலாம்.