மறைந்த கும்கி நாதம்

பினாங்குத் தீவின் மலைகளுக்கு மேற்கே, டுரியான் தோப்புகளும் ஜாதிக்காய்த் தோட்டங்களும் சூழ்ந்த பாலிக் புலாவில், சிறு மண்டபமொன்றில் நடந்த பஜனைக்குச் சென்றிருந்தேன். மிருதங்கக்காரர் இடப்பக்கத் தொப்பியில் எழுப்பிய ஆழ்ந்த கும்கி நாதம், அவர் அருகில் அமர்ந்திருந்தவரை எனக்குக் கம்பீரமாகக் கேட்டது. நடுக்கூடத்திற்கு வந்ததும் மறைந்தே போயிற்று. பாட்டும் திசை தெரியாமல் மெலிந்து அலைந்தது. "ஐயா, சத்தத்தைக் கூட்டட்டுமா?" என்று கேட்டார் ஒலிபெருக்கியைக் கவனித்த இளைஞர். "வேண்டாம் தம்பி, முதலில் வயரைப் பார்ப்போம்" என்றேன்.

1925-இல் ரைஸ், கெல்லாக் என்னும் அமெரிக்கப் பொறியாளர் இருவர் விவரித்த அமைப்பே, சிற்சில திருத்தங்களுடன், இன்றைய ஸ்பீக்கர்களுக்கும் ஆதாரம். காந்தத்தின் இடைவெளியில் உள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் பாயும்போது, அதனோடு ஒட்டிய கூம்பு முன்வந்து காற்றை நெருக்குகிறது. மின்சாரம் திசை மாறினால் பின்சென்று தளர்த்துகிறது. இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளின் கூம்புகளும் ஒருங்கே முன்வந்தால் நாதம் பெருகும். ஒன்று முன்வரும் கணத்தில் மற்றொன்று பின்வாங்குமானால், ஒன்று கொடுத்ததை மற்றொன்று பறித்துக்கொள்ளும்.

மந்தர ஸ்தாயிக்கே இந்த நஷ்டம் அதிகம். நம் ஊர் உஷ்ணத்தில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் செல்வதால், விநாடிக்கு 100 அதிர்வுள்ள நாதத்தின் அலைநீளம் 3.5 மீட்டர்; ஆகவே இரு பெட்டிகளுக்கும் நமக்கும் உள்ள தூரம் ஒரு சாண் வேறுபட்டாலும், அலைகள் பெரும்பாலும் எதிரெதிராகவே சந்தித்து மடிகின்றன. 5,000 அதிர்வுள்ள ஒலிக்கோ அலைநீளம் 7 சென்டிமீட்டரே. தலையைச் சற்று அசைத்தாலே கழிதல் கூடலாகிவிடும்.

பரிசோதனை எளியது. பெருக்கியிலிருந்து கழற்றிய வயரின் நுனிகளில், சிவப்பு முனைக்குரியதை 1.5 வோல்ட் பாட்டரியின் நேர்முனையிலும் மற்றதை எதிர்முனையிலும் ஒரு கணம் தொட்டால், கூம்பு முன்னே துள்ள வேண்டும். அன்று இடப்புறத்துக் கூம்பு துள்ளிற்று; வலப்புறத்தது உள்ளே பதுங்கிற்று. அந்தப் பெட்டியின் பின்னால், சிவப்பு முனைக்குரிய கோடு போட்ட கம்பி கறுப்பு முனையில் மாட்டப்பட்டிருந்தது. இரண்டும் ஒருசேரத் தலைகீழாய் இருந்திருந்தால்கூட அவற்றுக்குள் பிணக்கு நேர்ந்திராது. ஒன்று மட்டும் மாறியதே கேடு.

சக்தியைக் கூட்டியிருந்தால் கொடுப்பதோடு பறிப்பதும் சேர்ந்தே வளர்ந்திருக்கும். தம்பி அந்த இரு கம்பிகளை இடம் மாற்றி முடுக்கினார். அடுத்த பாட்டில், நடுக்கூடத்துப் பாயில் அமர்ந்திருந்த மூதாட்டியின் விரல்கள் கும்கிக்குத் தாளமிடத் தொடங்கின.