வீட்டுப்பாட நோட்டில் உண்மை இருக்கட்டும்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வாகனங்கள் நெருக்கியடிக்கும் மாலைப்பொழுதில், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பகல் ஷிப்டை முடித்துக்கொண்டு வானகரத்துக்குத் திரும்பும் தகப்பனாருக்கும், மறுநாள் விடியுமுன் மீன் மார்க்கெட்டுக்குப் போக வேண்டியிருப்பதால் எட்டு மணிக்கெல்லாம் கண்ணயர வேண்டிய தாயாருக்கும், தம் குழந்தையோடு கூடியிருக்கக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரமே. அந்த ஒரு மணி நேரமும் பள்ளி டைரியைப் பிரித்த மாத்திரத்தில், "இன்னுமா எழுதவில்லை?" என்ற கேள்வியில் தொடங்கி, அதட்டலில் வளர்ந்து, அழுகையில் முடிந்துபோகும் வீடுகள் பல. பொறுமையிழந்து கை ஓங்குவோர் சிலர். நாளைக்குப் பள்ளியில் குழந்தை தண்டனை பெறக் கூடாதே என்ற வாஞ்சையினால் பென்சிலை வாங்கித் தாமே எழுதி முடித்துவிடுவோர் சிலர். இரண்டு வழியும் குழந்தைக்குக் கேடு செய்பவை. இரண்டுக்கும் அவசியமே இல்லாதபடி சட்டமும் அரசின் கொள்கையும் பெற்றோருக்குத் துணை நிற்கின்றன.

வகுப்பில் கேட்ட பாடத்தைக் குழந்தை எவ்வளவு கிரகித்திருக்கிறது, எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதை ஆசிரியருக்குத் தெரிவிக்கும் கடிதம் போன்றது வீட்டுப்பாட நோட்டு. அக்கடிதத்தைப் பெற்றோர் எழுதிக் கொடுத்தால் ஆசிரியர் படிப்பது பொய். குழந்தை அடிக்குப் பயந்து பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதினாலும் அவர் படிப்பது பொய்யே. கழித்தல் கணக்கில் கடன் வாங்கத் தெரியாத குழந்தை, அந்தப் பிழையோடு நோட்டை அனுப்பினால்தான் மறுநாள் அதற்கு விமோசனம் பிறக்கும்.

எவ்வளவு வீட்டுப்பாடம் தகும்?

2018ஆம் ஆண்டு மே 29 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் என். கிருபாகரன், ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் தரலாகாது என்று உத்தரவிட்டார். அதே ஆண்டு நவம்பரில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் அவ்வாறே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. பின்னர் 2020இல் வெளிவந்த பள்ளிப்பை குறித்த தேசியக் கொள்கை, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது என்றும், மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு 2 மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்றும், ஆறு முதல் எட்டு வரை நாளொன்றுக்கு 1 மணி நேரமும், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை 2 மணி நேரமுமே உச்சவரம்பு என்றும் வகுத்துரைக்கிறது. பத்தாம் வகுப்பு வரை பையின் எடை, சுமக்கும் பிள்ளையின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதும் அக்கொள்கையில் உண்டு.

பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு 1993லேயே, பையின் கனத்தைவிடப் பாடம் புரியாமையின் கனமே பிள்ளைகளை அதிகம் நசுக்குகிறது என்று எச்சரித்தது. ஆகையால் பக்கங்களை எண்ணுவதோடு நின்றுவிடாமல், எழுதியது புரிந்ததா என்று விசாரிப்பதே பெற்றோரின் முதற்கடமை.

வீட்டில் செய்யத்தக்கவை

ஒற்றை அறைப் போர்ஷனில் வசிப்பவர்களும் சுவரோரம் ஒரு பாயும், புத்தகம் வைக்க ஒரு பலகையும், நல்ல வெளிச்சமும் தந்துவிட முடியும். பள்ளியிலிருந்து வந்ததும் சிற்றுண்டியும் விளையாட்டும் முடிந்த பிறகு, தினந்தோறும் ஒரே நேரத்தில் குழந்தையை அமர்த்தி, அந்த நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்தி, பெரியவர்களும் கைபேசியை அப்பால் வைத்துவிட்டு அருகில் கீரை ஆய்ந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ இருந்தால், அந்தச் சந்நிதியே பாதி உதவி. சிறு குழந்தைகளைப் பதினைந்து இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து நடமாட விட வேண்டும்.

"எனக்கே எழுதப் படிக்கத் தெரியாது, நான் எப்படி உதவுவேன்?" என்று ஏங்கும் தாய்மார்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. அறியாதவர் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லும்போதுதான் குழந்தைக்குத் தன் பாடம் தெளிவாகிறது. "இதில் என்ன எழுதியிருக்கிறது, எனக்குச் சொல்லேன், கண்ணு" என்று கேட்டுப் பாருங்கள். ஆங்கிலவழிப் பிள்ளைகள் பக்கம் முழுவதையும் தங்கு தடையின்றி வாசித்துவிட்டு, அதன் அர்த்தத்தைத் தமிழில் சொல்லச் சொன்னால் மௌனமாகிவிடுவதுண்டு. அந்த மௌனம் எந்த வரியில் நேர்ந்ததோ அந்த வரிதான் ஆசிரியருக்குத் தெரிய வேண்டியது. கணக்கில் தடுமாறினால், மளிகைக் கடையில் 50 ரூபாய் கொடுத்து 32 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்று கேட்டு, விடையைக் குழந்தையே கண்டடையும் வரை காத்திருங்கள். அரசுப் பாடநூல்களில் அச்சிடப்பட்டுள்ள கியூஆர் குறியீட்டைக் கைபேசியால் ஸ்கேன் செய்தால் பாடத்துக்குரிய காணொளிகள் கிடைக்கும். புராஜெக்ட் என்ற பெயரில் ஸ்டேஷனரிக் கடையில் படங்களை விலைக்கு வாங்கி ஒட்டுவதைவிட, கோணல்மாணலாயினும் குழந்தை வரைந்த படமே சிலாக்கியம்.

அரைமணி கழிந்தும் நகராத கணக்கை அத்தோடு நிறுத்தி, "இவ்வளவு நேரம் முயன்றான், இந்த இடம் புரியவில்லை" என்று டைரியில் எழுதிக் கையொப்பமிடுங்கள்; எழுத இயலாதவர் நேரில் சென்று சொல்லலாம். 2022 ஜூனில் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி, அரசுப் பள்ளிகளின் ஆரம்ப வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் கற்றல் நிலை வகுக்கப்பட்டிருக்கிறது. தம் குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்று ஆசிரியரைக் கேட்டறிவது பெற்றோருக்கு மிகுந்த பிரயோஜனம் தரும்.

எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதுவதும், வரி தாவி வாசிப்பதும் மாதக்கணக்கில் தொடர்ந்தால், சோம்பல் என்று பழி சுமத்தாமல், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். அவற்றில் குறை இல்லையெனில் கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளுள் அதுவும் ஒன்றாகையால், தேர்வில் சலுகை பெறவும் வழியுண்டு.

அபாயங்களும் பரிகாரங்களும்

வீட்டுப்பாடம் எழுதவில்லையென்று குழந்தையை அடிப்பதும், முட்டிபோட வைப்பதும், சக மாணவர் முன்னிலையில் இழிவுபடுத்துவதும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவால் தடுக்கப்பட்டவை. "என்னிடம் டியூஷனுக்கு வந்தால் சொல்லித் தருகிறேன்" என்று ஆசிரியர் கூறுவதும் தகாது. ஆசிரியர் தனிப்போதனை செய்வதை 28ஆம் பிரிவு விலக்குகிறது. வீட்டில் பெற்றோர் கொடுக்கும் அடியும் அடிதான் என்பதை மனச்சாட்சியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். பயம் குடிபுகுந்த மனத்தில் பாடம் தங்குவதில்லை.

அளவு மீறிய வீட்டுப்பாடமோ தண்டனையோ நேர்ந்தால், ஒரு வார காலம் எந்தப் பாடத்துக்கு எவ்வளவு நேரம் சென்றது என்று தேதியிட்டுக் குறித்துக்கொண்டு, முதலில் வகுப்பாசிரியரையும் பிறகு தலைமையாசிரியரையும் மரியாதையுடன் அணுகுங்கள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கும் தீராவிடில் மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்புக்குக் கொடுக்கும் எழுத்துப் புகாரை மூன்று மாதத்துக்குள் விசாரித்து முடிவு செய்தாக வேண்டும். அம்முடிவு திருப்தி தராவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். பள்ளிக் கல்வி குறித்த ஆலோசனைக்கு 14417 என்ற எண்ணும், குழந்தை ஆபத்திலிருந்தால் 1098 என்ற எண்ணும் உதவும்.

இன்றிரவு டைரியைப் பிரிக்கும்போது, நோட்டில் பிழை கண்டால் அழிப்பானைத் தேடாதீர்கள். அது குழந்தையின் கையால், குழந்தையின் அறிவால் எழுதப்பட்டதாயின், அப்படியே பைக்குள் வைத்தனுப்புங்கள். நாளைக் காலையில் அதைக் கண்டு திருத்தக் கடமைப்பட்ட ஒருவர் பள்ளியில் இருக்கிறார்.