மென்பொருளும் உரிமமும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் வாசலூர்பட்டி என்னும் ஊர் உள்ளது. சாமை, தினை, கேழ்வரகு முதலிய சிறுதானியங்கள் அம்மலையில் தொன்றுதொட்டு விளைந்து வருகின்றன. மலைவாழ் உழவர் ஒருவர் தம் விதையை அண்டை வீட்டார்க்குக் கொடுக்கும்பொழுது முறி எழுதிக் கொடுப்பதில்லை. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் நன்கு அறிவர். ஐயம் எழுந்தால் நேரில் கேட்டுத் தெளிவர்.

மென்பொருளின் இயல்பு வேறு. கணினியை இயக்கும் கட்டளைகளின் தொகுதியே மென்பொருள் எனப்படும். அதனை ஆயிரம் படிகள் எடுத்தாலும் முதற்படி சிறிதும் குறைவதில்லை. ஆக்கியவர் கண்டறியாத மக்களின் கைகளுக்கும் அது சென்று சேரும். அவர்கள் அனைவரும் அவரை நேரில் கேட்டல் இயலாது. ஆதலின் அவர் சொல்ல விரும்புவதை எழுத்து சொல்ல வேண்டும். அவ்வெழுத்தே உரிமம்.

நம் நாட்டில் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கணினி நிரல்களும் இலக்கியப் படைப்புகளைப் போலவே அச்சட்டத்தின் காவலைப் பெற்றன. எனவே, உரிமையாளரின் இசைவின்றி ஒரு மென்பொருளைப் படியெடுத்துப் பிறர்க்கு வழங்குதல் பொதுவாகக் குற்றமாகும். ‘இலவசம்’ என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. எவ்வெவற்றிற்கு இசைவு உண்டு என்பதை எழுதிக் கொடுத்தல் வேண்டும்.

வாசலூர்பட்டி மாணவி ஒருத்தி தானியக் கணக்கு எழுதுவதற்குரிய மென்பொருள் ஒன்றை ஆக்கினாள் எனக் கொள்வோம். ‘வணிகம் அல்லாத பயன்பாட்டிற்கு இலவசம்’ என்று ஒரே வரியில் உரிமம் எழுதி அதனை வெளியிடுகிறாள். அவள் எண்ணம் நல்லதே. ஆயினும் ஐயங்கள் பல எழும். வீட்டிற்குப் போக எஞ்சிய தானியத்தைச் சந்தையில் விற்கும் உழவர் அதனைப் பயன்படுத்தலாமா? கட்டணம் பெறும் பள்ளி பயன்படுத்தலாமா? தினை மாவு விற்கும் மகளிர் குழு பயன்படுத்தலாமா? இவற்றிற்கு அவ்வரியில் விடை இல்லை. நேர்மையாளர் அஞ்சி ஒதுங்குவர். நேர்மையற்றவரோ ஒன்றையும் பொருட்படுத்தாது எடுத்துக்கொள்வர். தெளிவற்ற உரிமம் நல்லோரையே தண்டிக்கிறது.

இவ்விடர்ப்பாட்டைப் பெரியோரும் கண்டனர். பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் லினக்ஸ் என்னும் இயக்கமென்பொருளின் கருவை வெளியிட்டார். அதனைப் பகிர்வோர் பணம் பெறலாகாது, படியெடுக்கும் செலவைக்கூடப் பெறலாகாது என்பது அவர் முதலில் விதித்த நிபந்தனை. பிறர் கொள்ளையடித்தலைத் தடுக்கவே அவர் அவ்வாறு விதித்தார். ஆனால், வட்டுகளில் படியெடுத்து நண்பர்களுக்கு வழங்க முன்வந்தவர்களும் கைப்பொருளை இழக்க நேர்ந்தது. எனவே 1992ஆம் ஆண்டில் அவர் அந்நிபந்தனையைக் கைவிட்டு, குனூ பொதுமக்கள் உரிமத்தை ஏற்றார். அவ்வுரிமம் விலை பெறுதலைத் தடுப்பதில்லை. ஆனால் பெறுபவருக்கு மூலநிரலும் அதே உரிமைகளும் கிடைத்தல் வேண்டும் என்கிறது. லினக்ஸ் உலகெங்கும் பரவியதற்கு அம்மாற்றமும் ஒரு காரணமாகும்.

அப்படியாயின், வணிகத்தை விலக்கி உரிமம் எழுதுதல் தவறா? அன்று. உழைத்தவர் தம் உழைப்பின் பயனைப் பிறர் விற்றுப் பொருளீட்டுவதை விரும்பாதிருத்தல் அவர் உரிமையே. ஆனால், எல்லையை ஆளின்மேல் வரையாது செயலின்மேல் வரைதல் வேண்டும். இதற்கு நம் நாட்டுச் சட்டமே வழிகாட்டுகிறது. 2001ஆம் ஆண்டின் பயிர் இரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின்படி, அச்சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்ற இரகத்தின் விதையையும் உழவர் சேமிக்கலாம், மீண்டும் விதைக்கலாம், பிறருடன் பகிரலாம், விற்கவும் செய்யலாம். வணிகப் பெயரிட்டுப் பொதிந்து விற்றல் மட்டும் ஆகாது. இங்கே விலக்கப்பட்ட செயல் எது என்பது எவருக்கும் விளங்கும்.

அம்மாணவியும் இவ்வாறே எழுதலாம்: ‘இம்மென்பொருளை எவரும் தம் கணக்கிற்குப் பயன்படுத்தலாம்; தம் விளைபொருளை விற்போரும் பயன்படுத்தலாம். படியெடுத்துக் கொடுப்போர் அதற்கான செலவை மட்டும் பெறலாம். இம்மென்பொருளையோ இதன் திருத்திய வடிவத்தையோ ஆதாயத்திற்கு விற்றல் ஆகாது. விற்க விரும்புவோர் என் எழுத்திசைவைப் பெறுக.’ இந்நான்கு தொடர்களால் முன்னர்க் கூறிய ஐயங்கள் அகல்கின்றன.

இன்னும் சில கூறுகள் வேண்டும். காலமும் இடமும் குறித்தல் முதலாவது. அவை குறிக்கப்படாவிடின், ஐந்தாண்டுக் காலம் என்றும் இந்திய எல்லை என்றும் கொள்ள நம் பதிப்புரிமைச் சட்டம் இடந்தருகிறது. வழங்கிய உரிமையை நிபந்தனை மீறாதவரிடமிருந்து திரும்பப் பெறுவதில்லை என உறுதி கூறல் இரண்டாவது. ஆக்கியவர் பெயரை நீக்கலாகாது எனல் மூன்றாவது. 1998ஆம் ஆண்டில் தொடங்கிய மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம், தன் மின்னூல்களை எவரும் தடையின்றிப் பகிரலாம், முகப்புப் பக்கத்தை மட்டும் மாற்றாது வைத்தல் வேண்டும் என்று அறிவித்தது. உழைத்தோர் பெயர்கள் நூலோடு செல்ல அச்சிறு நிபந்தனையே போதுமாயிற்று.

பெயரிலும் வாய்மை வேண்டும். விற்பனையைத் தடுக்கும் மென்பொருள் இலவச மென்பொருளாகலாம். ‘கட்டற்ற மென்பொருள்’ ஆகாது. கட்டற்றது எனப்படுவது எந்நோக்கத்திற்கும் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், விலைக்கேனும் விலையின்றியேனும் வழங்கவும் உரிமை தருவதாகும். இரண்டிற்கும் இடமுண்டு, ஒன்றை மற்றொன்றின் பெயரால் அழைத்தல் பெறுபவரை ஏமாற்றுவதாகும்.

எளிய சொல், தெளிந்த எல்லை, இருதரப்பாருக்கும் ஒத்த நடுவுநிலை ஆகிய மூன்றும் அமைந்ததே நேர்மையான உரிமம். கொடுப்பவர் உள்ளத்தில் உள்ளதைப் பெறுபவர் கேளாமலே அறிந்துகொள்ளுமாறு எழுதுவோமாயின், முன்பின் அறியாதவரிடையேயும் அண்டை வீட்டாரிடம் நிலவும் நம்பிக்கை நிலவும்.