டீக்கன் என்னும் திருத்தொண்டர்

அமரவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கத்தோலிக்கப் பட்டமளிப்பு விழாக்கள் புதியவை அல்ல. 1996-இல் நெய்யாற்றின்கரை இலத்தீன் மறைமாவட்டமும் 2017-இல் பாறசாலை மலங்கரை மறைமாவட்டமும் ஏற்பட்டன. அவ்விழாக்களுக்கு நாமும் அழைக்கப்படுகிறோம். மகன் டீக்கன் ஆனதைச் சொல்ல வரும் தாய்மார்கள், "இப்போ பாதிதான் ஆயிருக்கு, அடுத்த வருஷந்தான் முழுச் சாமியார்" என்று சொல்வதைக் கடையில் உட்கார்ந்தபடி பலமுறை கேட்டிருக்கிறேன். இந்தப் 'பாதி' என்ற சொல் சரிதானா என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

தொடக்கம்

திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தில் இதன் வேர் இருக்கிறது. எருசலேமில் முதல் கிறிஸ்தவர்கள் பொதுவில் உணவு பங்கிட்டு உண்டனர். அங்கே கிரேக்க மொழி பேசும் விதவைகள் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறையீடு எழுந்தது. அதைத் தீர்க்க ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து, தலைமேல் கை வைத்துப் பணியில் அமர்த்தினார்கள். ஏழு பேருடைய பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. வேற்று மொழிக்காரர்களின் குறையைத் தீர்க்கப் பிறந்தது இப்பணி. பிறமொழி மாநிலத்தில் வாழும் நமக்கு இச்செய்தி நன்றாகவே புரியும்.

அந்த எழுவரையே முதல் திருத்தொண்டர்களாகத் திருச்சபை மரபு கருதுகிறது. முதல் மறைசாட்சியான புனித முடியப்பர் அவர்களில் ஒருவர். கி.பி. 258-இல் உரோமையில் உயிர் நீத்த புனித லாரன்ஸும் திருத்தொண்டரே. சபையின் செல்வத்தைக் கொண்டு வா என்று அரசு அதிகாரி கேட்டபோது, அவர் ஏழைகளைக் கூட்டி வந்து நிறுத்தினார் என்பது மரபு.

'டீக்கன்' என்பது பணியாளர் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மலங்கரையார் சொல்லும் 'செம்மாசன்' சுரியானி வழி வந்தது. அதற்கும் அதுவே பொருள். தமிழில் 'திருத்தொண்டர்' என்கிறோம். பெரியபுராணத்துக்குச் சேக்கிழார் வைத்த பெயரிலும் இச்சொல்லே இருக்கிறது.

செய்வதும் செய்யாததும்

இலத்தீன் முறையில் திருத்தொண்டர் நற்செய்தி வாசிக்கலாம், மறையுரை ஆற்றலாம், ஞானஸ்நானம் கொடுக்கலாம், திருமணத்தை நடத்தி வைக்கலாம், அடக்கச் சடங்கு செய்யலாம். திருப்பலி நிறைவேற்றுவதும் பாவசங்கீர்த்தனம் கேட்பதும் நோயில்பூசுதலும் அவருக்கு இல்லை. பட்டமளிப்பில் ஆயர் ஒருவர் மட்டுமே அவர் தலைமேல் கை வைக்கிறார். குருப்பட்டத்திலோ மற்றக் குருக்களும் கை வைப்பார்கள். திருத்தொண்டர் ஆயரின் பணிக்கென்றே நியமிக்கப்படுகிறார் என்பது இதற்குப் பழைய நூல்கள் தரும் விளக்கம்.

இலத்தீன் சட்டப்படி குருவாகப் போகிறவர் 23 வயது நிறைந்த பின்னரே திருத்தொண்டர் ஆகலாம். அதன் பிறகு குறைந்தது ஆறு மாத இடைவெளி விட்டே குருப்பட்டம் பெற முடியும். இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் 'பாதி' என்கிறார்கள் போலும்.

கதவு எங்கே இருக்கிறது?

குருமாணவர் வாழ்நாள் முழுதும் மணமின்றி வாழ்வதாக ஒப்புக்கொடுப்பது திருத்தொண்டர் பட்டத்தின்போதுதான். ஆயரின் கைகளுக்குள் தன் கைகளை வைத்துக் கீழ்ப்படிதலை வாக்களிப்பதும், குப்புற விழுந்து கிடக்க மக்கள் புனிதர்களின் மன்றாட்டு மாலை பாடுவதும் அன்றே நடக்கின்றன. அன்று முதல் அவர் குருகுலத்தைச் சேர்ந்தவர். முந்தின நாள் வரை அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். எந்தக் குற்றமும் இல்லை. மறுநாள் முதல் அந்நிலையிலிருந்து விலக உரோமையின் விலக்கு வேண்டும், அதற்கும் கனமான காரணம் வேண்டும்.

எங்கள் சமண நெறியிலும் படிகள் உண்டு. முனி தீட்சைக்கு முன் க்ஷுல்லகர், ஐலகர் என இரு நிலைகள். மார்த்தாண்டத்துக்கு அருகே சிதறால் மலைக்குப் போனவர்கள், ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இப்பகுதியில் சமணத் துறவு தழைத்ததை அங்குள்ள சிற்பங்களில் பார்த்திருப்பீர்கள். க்ஷுல்லகரும் ஐலகரும் எவ்வளவு கடுமையாக வாழ்ந்தாலும் கணக்கில் இல்லறத்தாரின் மிக உயர்ந்த படியில் நிற்பவர்களே. மகாவிரதம் முனி தீட்சையில்தான் வருகிறது. கத்தோலிக்க முறை அப்படி இல்லை. முன்படி என்று நாம் நினைக்கும் இடத்திலேயே பெரிய வாக்குறுதி முடிந்துவிடுகிறது.

எனவேதான் சட்டம் ஒரு காகிதத்தைக் கேட்கிறது. பட்டம் பெறுமுன் மாணவர், தன் விருப்பத்தோடும் சுதந்திரத்தோடும் இதை ஏற்கிறேன் என்று தன் கைப்பட எழுதிக் கையொப்பமிட வேண்டும். 1983-இல் வந்த இலத்தீன் சட்டத்தொகுப்பிலும் 1990-இல் வந்த கீழைத் திருச்சபைச் சட்டத்தொகுப்பிலும் இந்தக் கையொப்பம் உண்டு. எவ்வகையிலும் ஒருவரைக் கட்டாயப்படுத்திப் பட்டம் ஏற்க வைப்பதையும் சட்டம் தடுக்கிறது.

அன்றாட வாழ்வு

பட்டத்துக்குப் பின் யாமப் பிரார்த்தனை அவருக்குக் கடமையாகிறது. தமிழகத்தார் இதைத் திருப்புகழ்மாலை என்பர். காலையும் மாலையும் இரவும், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், திருச்சபை முழுமைக்காகவும் சொல்ல வேண்டிய மன்றாட்டு அது. நோயாளியைப் பார்ப்பது, ஏழை வீட்டுக்குப் போவது எல்லாம் இதிலிருந்து வலிமை பெறுகின்றன. பின்னர் குருவானாலும் திருத்தொண்டர் பட்டம் அழிவதில்லை. பீடத்தில் நிற்கும்போதும் அவர் பந்தி பரிமாறவே பட்டம் பெற்றவர்.

ஆகவே நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். அழைப்பிதழ் அச்சடிக்குமுன், பந்தல்காரனுக்கு முன்பணம் கொடுக்குமுன், பையனிடம் தனியாக உட்கார்ந்து மனசைக் கேளுங்கள். "ஊரெல்லாம் சொல்லியாச்சு" என்ற பேச்சு அவன் பேனாவைத் தள்ளக்கூடாது. செமினாரியிலிருந்து திரும்பி வந்த பிள்ளையை 'ஓடி வந்தவன்' என்று சொல்லும் பழக்கமும் நம்மிடமிருந்து போக வேண்டும். திரும்பி வர வழி திறந்திருந்தால்தான், உள்ளே போகிறவனின் கையொப்பம் அவனுடையதாக இருக்கும்.