கம்ப்ரசர் இல்லாத குளிர்பெட்டி: வாங்கும் முன் ஒரு கணக்கு

கம்ப்ரசர் கிடையாது, கேஸ் கிடையாது, சத்தம் கிடையாது. 12 வோல்ட் பேட்டரியோ சிறிய சோலார் பேனலோ இருந்தால் போதும் என்று சொல்லிச் சிறு குளிர்பெட்டிகளை விற்கிறார்கள். கறந்த பாலையும், ஆடு, கோழிகளுக்கான தடுப்பூசி மருந்தையும் வைக்க ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறீர்களா? பணத்தை எடுப்பதற்கு முன் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

உள்ளே இருப்பது வெப்ப மின் தொழில்நுட்பம். இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் முனைகளை இணைத்து, ஓர் இணைப்பைச் சூடாகவும் மற்றதைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் கம்பியில் மின்சாரம் ஓடும். 1821ல் ஜெர்மனியில் சீபெக் கண்ட விளைவு இது. 1834ல் பிரான்சின் பெல்டியர் இதன் மறுபக்கத்தைக் கண்டார். அவர் கடிகாரம் செய்யும் தொழிலில் இருந்து வந்தவர். மின்சாரத்தைச் செலுத்தினால் ஓர் இணைப்பு குளிரும், மற்றது சூடாகும் என்பது அவர் கண்டது. இன்று உலோகக் கம்பிக்குப் பதில் பிஸ்மத் டெல்லுரைடு என்ற குறைகடத்தியைப் பயன்படுத்துகிறார்கள். கடையில் கிடைக்கும் பெல்டியர் மாட்யூல் 4 செ.மீ. சதுரமான வெள்ளைத் தகடு; அதற்குள் 127 ஜோடித் துண்டுகள் இருக்கும். ஒரு முகம் பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சும், மறுமுகம் அதை வெளியே தள்ளும்.

இனி பால் கணக்கு. கறந்த பால் சுமார் 37 டிகிரி சூட்டில் இருக்கும். 10 லிட்டரை 4 டிகிரிக்கு இறக்க, ஏறத்தாழ 0.37 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு மாட்யூல் பெட்டி 25 வாட் வீதம் வெப்பத்தை இறைக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 15 மணி நேரம் ஆகும். அதற்குள் பால் திரிந்துவிடும். மின்செலவும் கூடுதல்தான். ஒரு யூனிட் மின்சாரத்தில் கம்ப்ரசர் பிரிட்ஜ் வெளியேற்றும் வெப்பத்தில் பெல்டியர் பெட்டி பாதியைக் கூட எட்டாது. பெட்டி 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுத்தால், பைக்கின் 5 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மணி நேரம் கூட நிற்காது.

தடுப்பூசி விஷயம் இன்னும் முக்கியம். கோமாரி, ஆட்டுக்கொல்லி, கோழிகளின் வெள்ளைக் கழிச்சல் ஆகியவற்றுக்கான மருந்துகளை 2 முதல் 8 டிகிரிக்குள் கொண்டுபோக வேண்டும். இந்தப் பெட்டிகளோ பொதுவாக வெளிச்சூட்டை விட 15 முதல் 20 டிகிரி மட்டுமே குறைக்கும். சித்திரையில் வெளியே 40 டிகிரி இருந்தால் உள்ளே 20 டிகிரிதான். கையை விட்டால் சில்லென்று இருக்கும், மருந்தோ வீரியம் இழந்திருக்கும். ஊசி போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்கும்போது மந்தையில் நோய் வந்து நிற்கும். இதற்குப் பழைய தெர்மாகோல் பெட்டியும் ஐஸ் பாக்கெட்டுமே மேல். மருந்து ஐஸை நேராகத் தொடாமல் துணி சுற்றி வையுங்கள். கோமாரித் தடுப்பூசி உறைந்தால் கெட்டுவிடும்.

காய்கறிக்கும் இந்தப் பெட்டி வேண்டாம் என்பதே என் கருத்து. டில்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த செங்கல், ஈரமணல் குளிர் அறை மின்சாரமே இல்லாமல் வேலை செய்கிறது. காற்று வறண்ட ஊர்களில் அது நன்றாகக் குளிரும்.

அப்படியானால் இந்தத் தொழில்நுட்பம் வீணா? இல்லை. வெப்பத்தை மின்சாரமாக்கும் வேலையில் இதற்கு விவசாயத்தோடு பழைய உறவே உண்டு. 1950களில் சோவியத் நாட்டில், மின்சாரம் எட்டாத கிராமங்களுக்கு ஒரு மண்ணெண்ணெய் விளக்கு செய்தார்கள். விளக்கின் மேல் மாட்டிய வெப்ப மின் கருவி, எரியும் சூட்டிலேயே ரேடியோவை ஓட்டியது. இப்போது புகை குறைந்த சில விறகு அடுப்புகளில், அடுப்பின் சூட்டிலேயே சிறிய மின்விசிறி ஓடிக் காற்றை ஊதுகிறது. சூட்டில் சுமார் 5 சதவீதம்தான் மின்சாரமாகும், விசிறிக்கு அது போதும். நீங்களே செய்து பார்க்க விரும்பினால், குளிரூட்டும் மலிவு மாட்யூலை அடுப்பில் ஒட்டாதீர்கள். பலவற்றில் உள்ள பற்றாசு சுமார் 138 டிகிரியிலேயே உருகிவிடும். மின்சாரம் எடுப்பதற்கென்றே வரும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

அளவெடுக்கும் வேலையில்தான் இது விவசாயிக்கு உண்மையாகவே கைகொடுக்கிறது. கொரோனா காலத்தில் நெற்றியருகே நீட்டிய துப்பாக்கித் தெர்மாமீட்டருக்குள் இருப்பதும் வெப்ப மின் உணரியே. கொப்பரை உலர்த்தியில் சூடு 60 முதல் 70 டிகிரிக்குள் இருந்தால் பருப்பு வெள்ளையாக இருக்கும், மீறினால் கருகும். கையை நீட்டி ஊகிப்பதற்குப் பதில், கே டைப் தெர்மோகப்பிள் கம்பியையும் ஒரு டிஜிட்டல் மீட்டரையும் மாட்டிவிட்டால் வெளியே நின்றே அளவைப் பார்க்கலாம். தட்டின் மேல் ஒன்று, அடியில் ஒன்று என இரண்டு இடத்தில் வைப்பது நல்லது. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் உங்களையே வியக்க வைக்கும்.

கம்பி நீளம் போதவில்லை என்று எலக்ட்ரீசியன் சாதாரணச் செம்புக் கம்பியை இடையில் இணைத்தால் மீட்டர் தவறான அளவைக் காட்டும். கே டைப்புக்கென்று உள்ள நீட்டிப்புக் கம்பியைத்தான் வாங்க வேண்டும், பிளஸ், மைனஸ் மாறாமலும் இணைக்க வேண்டும். மாட்டியபின் முனையைக் கொதிக்கும் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள், மீட்டர் 100 டிகிரியை ஒட்டிக் காட்ட வேண்டும்.