மலை ஏறும் ரயிலில் இலங்கையைப் பார்க்கலாம்

பூஜா விடுமுறை நெருங்கிவிட்டால் கல்கத்தாத் தமிழர் வீடுகளில் ஒரே பேச்சுதான். ஊருக்குப் போவதா, அல்லது பூரி, டார்ஜிலிங் என்று போய் வருவதா? லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்க வருகிறவர்கள்கூட இதைத்தான் பேசிக்கொள்கிறார்கள். இந்தப் பட்டியலில் இலங்கையையும் சேர்த்துக்கொள்ளலாம். ஊருக்கென்று எப்படியும் சென்னை வரை போகிறவர்களுக்கு அங்கிருந்து கொழும்பு ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான விமானப் பயணம்தான். சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு மட்டும் ஒரு குறை: எல்.டி.சி. சலுகை கடலைத் தாண்டாது!

65,610 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இலங்கை, மேற்கு வங்கத்தை விடவும் சிறியது. அதற்குள் கடற்கரை உண்டு, யானைக் காடு உண்டு, ஏழாயிரம் அடிக்கு மேற்பட்ட சிகரங்களும் உண்டு. வங்கத்துக்கும் அந்தத் தீவுக்கும் உள்ள உறவோ மிகப் பழையது. சங்கமித்திரை வெள்ளரசுக் கிளையுடன் கப்பலேறிய துறைமுகம் தாமிரலிப்தி என்று மகாவம்சம் கூறுகிறது. அதுதான் இன்றைய தம்லுக். காலேஜ் சதுக்கத்தில் 1920-இல் திறக்கப்பட்ட பௌத்த விகாரையைப் பலரும் அன்றாடம் கடந்து போகிறார்கள். அதைக் கட்டிய மகாபோதி சங்கத்தை நிறுவிய அநகாரிக தர்மபாலர் கொழும்பில் பிறந்தவர்.

எப்போது போவது?

பூஜா விடுமுறையில் போகாமல் இருப்பதே நல்லது. அக்டோபர், நவம்பர் இரண்டும் அங்கே இடியும் மழையுமான மாதங்கள். பொங்கலை ஒட்டிப் புறப்பட்டால் கொழும்பும் மலைநாடும் பார்க்கச் சுகமாக இருக்கும். திருகோணமலைக் கடலைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மே முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலில் இலங்கையில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலையக மாவட்டங்களில் மண் சரிந்தது. ரயில் பாதையும் பல இடங்களில் சேதமடைந்தது. எந்த வண்டி எதுவரை ஓடுகிறது என்று விசாரித்துக்கொண்டு புறப்படுவது அவசியம்.

கொழும்பில் ஒரு நாள் போதும். காலிமுகத் திடலில் மாலைக் காற்று வாங்கலாம். செட்டியார் தெருவில் நகைக் கடைகளுக்கு நடுவே கதிரேசன் கோயில்கள் இருக்கின்றன. கொச்சிக்கடையில் சர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் ஆலயத்துக்குள் நின்றால் மதுரைப் பக்கம் வந்துவிட்டோமோ என்று தோன்றும். அமெரிக்காவிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரி 15-ஆம் தேதி முதலில் இறங்கியது இந்தக் கொழும்பில்தான்.

பதுளை வண்டி

இலங்கைப் பயணத்தின் உயிர், கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து பதுளைக்குப் போகும் ரயில் பாதை. தூரம் ஏறத்தாழ 290 கிலோமீட்டர்தான். நேரமோ பத்து மணியை நெருங்கும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற வண்டியல்ல. கண்டி வரையிலான பாதை 1867-இல் போடப்பட்டது. வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களின் காப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்கு இறக்குவதே அதன் நோக்கம். அது பதுளையை எட்ட 1924 ஆயிற்று.

கண்டியில் இறங்கித் தலதா மாளிகையையும் ஏரியையும் பார்க்க வேண்டும். அந்த ஏரியை வெட்டிய கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சத்தவர். 1815-இல் பிடிபட்டு, வேலூர்க் கோட்டையில் கைதியாக இருந்து, 1832-இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருடைய சமாதி இருக்கிறது.

கண்டிக்கு அருகிலுள்ள பேராதனைத் தாவரவியல் பூங்காவைக் கல்கத்தாக்காரர்கள் தவறவிடக் கூடாது. ஷிப்பூர்ப் பூங்காவையும் அதன் ஆலமரத்தையும் பார்த்துப் பழகியவர்கள், பூங்காதானே என்று அலட்சியமாக இருந்துவிடலாம். ஆனால் 1839-இல் அசாம் தேயிலை விதைகள் பேராதனைக்கு அனுப்பப்பட்டது இதே ஷிப்பூர்ப் பூங்காவிலிருந்துதான். அப்போது இலங்கையில் காப்பியின் ராஜ்யம். தேயிலையை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1869-இல் காப்பிச் செடியில் இலை நோய் கண்டு, அடுத்த சில ஆண்டுகளில் தோட்டம் தோட்டமாக அழிந்தது. அதற்கு முன்பே, 1867-இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காத்லாந்துக்காரர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். பிறகு மலைகள் எல்லாம் தேயிலை ஆயின.

விதை போனது வங்கத்திலிருந்து. அதை நட்டு வளர்த்த கைகள் போனது தமிழ்நாட்டிலிருந்து. ஹட்டன், தலவாக்கலை, நானு ஓயா என்று வண்டி ஏற ஏற, இரு புறமும் கத்தரித்து விட்டது போன்ற பச்சைச் சரிவுகள் வருகின்றன. அங்கே அருவி விழுகிறது, இங்கே மூடுபனி மூடுகிறது என்று ஜன்னலில் தலையை நீட்டும் பிரயாணிகள், அந்தச் சரிவுகளில் இயற்கையாக வந்தது எதுவும் அநேகமாக இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். காட்டை வெட்டியதும், கல்லடுக்கிச் சரிவைக் காத்ததும், கன்று நட்டதும் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து போன ஏழை ஜனங்கள்.

காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, கூடையை நெற்றிக் கயிற்றில் மாட்டிக்கொண்டு மலையேறும் பெண்களின் வேலை இன்றும் கையால்தான் நடக்கிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். மடுவத்தில் நிறுத்து எடை குறைந்தால் அன்றையக் கூலியில் கை வைப்பார்கள். வெள்ளைக்காரன் காலத்து லயன் அறைகளில், பத்தடிக்குப் பன்னிரண்டடி இடத்தில், இன்னமும் குடும்பங்கள் வாழ்கின்றன. கொழுந்து கிள்ளுகிறவர்களைக் கேட்காமல் படம் எடுப்பதும் லயனுக்குள் எட்டிப் பார்ப்பதும் மரியாதையல்ல. நின்று நாலு வார்த்தை பேசினால் போதும். ஊரைக் கேட்டால் முதலில் தோட்டத்தின் பெயர் வரும்; பிறகு பாட்டனாரின் ஜில்லா வரும்.

இந்த ஜனங்களில் மிகப் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லாமல் செய்தது 1948-ஆம் ஆண்டுச் சட்டம். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று கணக்குப் பிரிக்கப்பட்டது. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டது 1974-இல். நீலகிரியிலும் கூடலூரிலும் தேயிலை கிள்ளும் தாயகம் திரும்பியோர் அந்தக் கணக்கில் வந்தவர்களே. எந்த நாட்டின் பிரஜையும் ஆகாமல் அங்கேயே தங்கிவிட்டவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை தரும் சட்டம் 2003-இல்தான் வந்தது. டல்ஹௌசி சதுக்கத்துத் தேயிலைக் கம்பெனிகளில் கணக்கு எழுதிய நம்மவர்களுக்கு ஏலத்தின் விலைப் புள்ளிகள் மனப்பாடம். அந்தக் கொழுந்தின் மறுபக்கத்தை இந்த மலைகளில் பார்க்கலாம்.

பட்டிப்பொல நிலையம் 6,226 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வண்டி இறங்கத் தொடங்குகிறது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே ஒன்பது வளைவுப் பாலம். தெமோதரையில் பாதை வட்டமடித்து, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து வெளிவருகிறது. குழந்தைகள் குதூகலிப்பார்கள். சிவனொளிபாத மலை ஏற விரும்புவோர் ஹட்டனில் இறங்கி நல்லதண்ணி போக வேண்டும். மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை அங்கே யாத்திரைக் காலம். நடு இரவில் ஏறத் தொடங்கிச் சூரிய உதயத்தை 7,359 அடி உச்சியில் பார்ப்பது வழக்கம்.

நடந்து வந்த பாதை

திரும்பும்போது கண்டியிலிருந்து வடக்கே மாத்தளை, தம்புள்ளை, அநுராதபுரம் என்று போவது நல்லது. சாலை நல்ல சாலை, பஸ்கள் நிறைய. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் தோணியிலிருந்து இறங்கிய தோட்டத் தொழிலாளர்கள் எதிர்த் திசையில் காட்டு வழியாக நடந்து வந்தது இந்தப் பக்கமாகத்தான். தலைமன்னாரிலிருந்து மாத்தளை ஏறத்தாழ 250 கிலோமீட்டர். காலராவிலும் காய்ச்சலிலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மாண்டனர். பிழைத்தவர்கள் மாத்தளை முத்துமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, கங்காணி காட்டிய தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். அம்மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைத்து 2023 ஜூலை, ஆகஸ்டில் அவர்களுடைய சந்ததியார் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மீண்டும் நடந்தார்கள்.

சிகிரியாக் குன்றும் தம்புள்ளைக் குகைகளும் எல்லா வழிகாட்டிப் புத்தகங்களிலும் இருக்கின்றன. பொலன்னறுவையில் சோழர் காலத்து வானவன்மாதேவி ஈஸ்வரம் இன்றும் முழு உருவில் நிற்கிறது. அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். அநுராதபுரத்தில் தம்லுக்கிலிருந்து போன அந்த வெள்ளரசு இருக்கிறது.

அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில். யுத்தத்தில் 1990-இல் நின்றுபோன இந்தப் பாதை, இந்திய உதவியுடன் போடப்பட்டு 2014-இல் யாழ்ப்பாணத்தை மீண்டும் எட்டியது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குப் போகிறவர்கள் பொது நூலகத்துக்கும் போக வேண்டும். 1981 மே 31-ஆம் தேதி இரவு வைக்கப்பட்ட தீயில் சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. இப்போது நிற்பது மறுபடி கட்டிய வெள்ளைக் கட்டடம். மாலையில் வாசகசாலையில் பள்ளிப் பிள்ளைகள் பத்திரிகை புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

வந்த வழியே கொழும்புக்குத் திரும்ப வேண்டியதில்லை. காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி வந்தது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் ஓடாது என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். கிடைத்தால் நான்கு மணி நேரத்தில் நாகை. அங்கிருந்து அவரவர் ஊருக்கு பஸ்.