கம்பி அறுந்தால் என்ன ஆகும்?

குளிர்பானம் நிரப்பும் ஆலை ஒன்றுக்குள் நீங்கள் நுழைவதாக வைத்துக்கொள்வோம். ஓடும் பட்டை ஒன்றின் மீது காலிப் புட்டிகள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. ஒரு புட்டி குழாயின் அடியில் வந்ததும் பட்டை நிற்கிறது. வால்வு திறக்கிறது. பானம் நிரம்பியதும் வால்வு மூடிக்கொள்கிறது. பட்டை மீண்டும் நகர்கிறது. பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. அப்படியானால், புட்டி வந்துவிட்டதை அறிந்தது யார்? வால்வைத் திற என்று கட்டளையிட்டது யார்?

சற்றுத் தள்ளி ஓர் இரும்பு அலமாரி நிற்கிறது. அதன் உள்ளே, தடித்த புத்தகங்களை நிறுத்தி வைத்தது போல, சில பிளாஸ்டிக் பெட்டிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றின் முகப்பில் சிறு விளக்குகள் எரிந்து அணைகின்றன. கட்டளையிடுவது இதுதான். 'புரோகிராமபிள் லாஜிக் கண்ட்ரோலர்' என்பது இதன் முழுப்பெயர். தொழிற்சாலைகளில் இதைச் சுருக்கமாகப் பி.எல்.சி. என்பார்கள்.

ரிலேக்கள் ஆண்ட காலம்

பி.எல்.சி. வருவதற்கு முன் இந்த வேலையை ரிலேக்கள் செய்தன. ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் ஒரு சுவிட்ச். கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகி ஓர் இரும்புத் தகட்டை இழுக்கும். தகடு நகரும்போது ஒரு மின்சுற்று இணையும், அல்லது விலகும். இத்தகைய ரிலேக்களை நூற்றுக்கணக்கில் பலகைகளில் பொருத்தி, கம்பிகளால் பின்னி, எந்திரங்களை இயக்கினார்கள்.

இதில் ஒரு பெருந்தொல்லை உண்டு. எந்திரம் செய்யவேண்டிய வேலை முழுவதும் கம்பிகளின் இணைப்பிலேயே அடங்கியிருந்தது. வேலையின் வரிசை சிறிது மாறினாலும் கம்பிகளைக் கழற்றி மறுபடி இணைக்க வேண்டும். பழுது ஏற்பட்டாலோ, அந்தக் கம்பிக்காட்டில் குற்றவாளியைத் தேட வேண்டும்!

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் கார்களைத் தயாரிப்பது. கார் மாதிரிகள் மாறும்போதெல்லாம் ரிலேப் பலகைகளையும் மாற்ற வேண்டியிருந்தது. 1968-இல் அதன் ஹைட்ராமேட்டிக் பிரிவு, ரிலேக்களுக்குப் பதிலாக ஒரு மின்னணுக் கருவி தேவை என்று அறிவித்தது. தொழிற்சாலையின் தூசையும் வெப்பத்தையும் அது தாங்க வேண்டும்; கம்பிகளைத் தொடாமலே கட்டளைகளை மாற்ற முடிய வேண்டும்; பழுதுபார்க்க எளிதாக இருக்க வேண்டும்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் என்னும் சிறு நிறுவனத்தில் டிக் மார்லி என்ற பொறியியல் அறிஞரும் அவர் நண்பர்களும் ஏறக்குறைய இதே எண்ணத்தில் இருந்தார்கள். அவர்கள் உருவாக்கிய கருவி 1969-இல் ஜெனரல் மோட்டார்சுக்குச் சென்றது. அது அவர்களுடைய 84-ஆவது திட்டம். எனவே அதற்கு '084' என்றே பெயர் வைத்தார்கள்!

அடுக்கி வைத்த பெட்டிகள்

இப்போது நம் அலமாரிக்குத் திரும்புவோம். அங்குள்ள ஒவ்வொரு பெட்டியையும் மாட்யூல் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வேலை.

முதலில் மின்வழங்கி மாட்யூல். இது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தைப் பெற்று 24 வோல்ட் நேர்திசை மின்சாரமாகத் தருகிறது. அடுத்தது மையச் செயலகம். கட்டளைகள் இதன் நினைவில் உள்ளன, முடிவெடுப்பது இதுவே.

செயலகத்துக்குக் கண்ணும் காதும் உள்ளீட்டு மாட்யூல்கள். புட்டி வந்ததும் அதை உணரும் சென்சாரிலிருந்து 24 வோல்ட் வந்தால் 'ஆம்' என்று பொருள், வராவிட்டால் 'இல்லை'. இந்தச் செய்தி உள்ளே செல்லும் விதம் சுவையானது. வந்த மின்சாரம் மாட்யூலுக்குள் ஒரு நுண்ணிய விளக்கை ஏற்றுகிறது. எதிரே உள்ள ஒளியுணர் கருவி அந்த ஒளியைக் கண்டு செயலகத்துக்குத் தெரிவிக்கிறது. இரண்டுக்கும் இடையே கம்பித் தொடர்பு கிடையாது. ஒளி மட்டுமே கடக்கிறது. ஆகவே வெளியே மோட்டார்கள் எழுப்பும் மின் அதிர்வுகள் உள்ளிருக்கும் மென்மையான சுற்றுகளைத் தாக்குவதில்லை.

கையும் காலும் வெளியீட்டு மாட்யூல்கள். வால்வைத் திறப்பதும் மோட்டாரை ஓட்டுவதும் இவற்றின் வழியாகத்தான். ஒரு மாட்யூல் பழுதானால் அதை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம். புதிய எந்திரம் வந்தால் இன்னொரு மாட்யூலைச் சேர்க்கலாம்.

செயலகம் மூன்று வேலைகளை ஓயாமல் செய்கிறது. உள்ளீடுகள் அனைத்தையும் படிக்கிறது, கட்டளைகளை முதலிலிருந்து கடைசி வரை பார்க்கிறது, வெளியீடுகளை மாற்றுகிறது. பிறகு மறுபடியும் முதலிலிருந்து! ஒரு சுற்றுக்கு 10 மில்லி செகண்டு ஆனால், ஒரு செகண்டில் 100 முறை சுற்றி வருகிறது. கட்டளைகளோ நம் பேச்சைப் போன்றவைதாம்: 'புட்டி வந்திருந்து, அது இன்னும் நிரம்பாமல் இருந்தால், வால்வைத் திற.' ரிலே வரைபடம் படிக்கத் தெரிந்த மின்பணியாளர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக, இவற்றை ஏணிப் படிகளைப் போன்ற படமாகவே எழுதும் முறை வந்தது. இன்றும் அது வழக்கில் உள்ளது.

ஒரு பொத்தானின் கதை

இனி மிக முக்கியமான கேள்விக்கு வருவோம். இந்தச் செயலகம் எதையும் நேரில் பார்ப்பதில்லை. கம்பி சொல்வதைத்தான் அது நம்புகிறது. கம்பியே அறுந்துவிட்டால்?

எந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை எடுத்துக்கொள்வோம். அழுத்தினால் மின்சுற்று இணைந்து 24 வோல்ட் செல்லும், எந்திரம் நிற்கும். இப்படி அமைத்தால் போதும் என்றுதானே தோன்றுகிறது? பல மாதங்கள் அது நன்றாகவே வேலை செய்யும். ஒரு நாள் எலி கம்பியைக் கடித்துவிடுகிறது. யாருக்கும் தெரியாது. எந்திரமும் வழக்கம்போல் ஓடுகிறது. மறுநாள் தொழிலாளி ஒருவரின் சட்டைக்கை பட்டையில் சிக்கிக்கொள்கிறது. அருகில் இருப்பவர் ஓடிவந்து பொத்தானை அழுத்துகிறார். எந்திரம் நிற்கவில்லை!

இப்போது தலைகீழாக அமைத்துப் பாருங்கள். பொத்தான் சாதாரணமாக இணைந்தே இருக்கிறது; 24 வோல்ட் எப்போதும் சென்றுகொண்டிருக்கிறது. அழுத்தினால் இணைப்பு விலகும். 'மின்சாரம் வரவில்லையா? எந்திரத்தை நிறுத்து' என்பது கட்டளை. இங்கே எலி கம்பியைக் கடித்தால், பொத்தானை அழுத்தியதற்குச் சமம். எந்திரம் அப்போதே நின்றுவிடும். அரை மணி வேலை கெடும். ஆனால் ஒருவர் கை தப்பும். இதிலும் திருப்தி அடையாமல், அவசர நிறுத்தத்துக்கென்று பி.எல்.சி.யின் கட்டளைகளை மட்டும் நம்பாத தனிப் பாதுகாப்புச் சுற்றையும் அமைக்கிறார்கள்.

இதே எண்ணத்தை மற்ற இடங்களிலும் காணலாம். வெப்பநிலையைச் சொல்ல 'ஆம், இல்லை' போதாது, அளவு வேண்டும். 0 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பத்தை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாக அனுப்புவது பெருவழக்கு. 50 டிகிரி என்றால் 12 மில்லி ஆம்பியர். ஏன் சுழியத்தில் தொடங்காமல் 4-இல் தொடங்கினார்கள்? 4 வந்தால் 0 டிகிரி. ஒன்றுமே வராவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது! சுழியத்தில் தொடங்கியிருந்தால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. கொதிகலம் கொதித்துக்கொண்டிருக்க, 'குளிர்ந்திருக்கிறது' என்று எண்ணிச் செயலகம் மேலும் சூடாக்கும். நம் குளிர்பான வால்வும் அப்படித்தான்: மின்சாரம் இருந்தால் திறக்கும், இல்லாவிட்டால் உள்ளிருக்கும் சுருள்வில் அதை மூடிவிடும்.

செயலகமே திகைத்து நின்றுவிட்டால்? அதற்கும் ஒரு காவலன் உண்டு. ஒரு சுற்று குறித்த நேரத்துக்குள் முடியாவிட்டால், இந்தக் காவல் கடிகாரம் அதைப் பழுது என்று அறிவித்துச் செயலகத்தை நிறுத்திவிடும்; வெளியீடுகளும் அணையும்.

இனி உங்களுக்கு ஒரு வேலை. வீட்டு மாடித் தொட்டியில் ஒரு மிதவைச் சுவிட்ச் வைக்கிறீர்கள். தொட்டி நிரம்பினால் மோட்டார் நிற்க வேண்டும். நிரம்பும்போது சுவிட்ச் இணைய வேண்டுமா, விலக வேண்டுமா? விலக வேண்டும் என்று உடனே சொல்வீர்கள். கம்பி அறுந்தால் மோட்டார் ஓடாது. குழாயில் தண்ணீர் வராதபோது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சரி, கீழே உள்ள தொட்டி வற்றிப்போனாலும் மோட்டார் நிற்க வேண்டும். நீரின்றி ஓடினால் அது கெட்டுவிடும். அங்கே வைக்கும் சுவிட்ச் எப்போது இணைந்திருக்க வேண்டும்? இரண்டு சுவிட்சுகளையும் மோட்டாரையும் ஒரே ஏணிப் படியில் வரைந்து, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். படத்தில் ஒவ்வொரு கம்பியாக வெட்டிப் பார்த்து, என்ன ஆகும் என்று அவர் கேட்கட்டும்.